கம்பெனி கைவிட்ட போனுக்கு யார் பொறுப்பு? ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் முதல் ஜியோபோன் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கி, படிக்க வசதியாகத் தலைப்புகள் சேர்த்திருக்கிறோம்.)

கோயம்புத்தூர்ல இருந்து பேசறேன். இந்த வாரம் நாம பேசப்போற விஷயம் உங்க வீட்டு டிராயருக்குள்ளேயே இருக்கு. பழைய சார்ஜர், அறுந்துபோன இயர்போன், எந்தப் பூட்டுக்குன்னே தெரியாத சாவி, கூடவே ரெண்டு மூணு பழைய போன். எல்லா வீட்டுலயும் இப்படி ஒரு டிராயர் இருக்கும் இல்லீங்களா?

அதுல ஒரு போனை எடுத்து சார்ஜ் போட்டுப் பாருங்க. நிறைய போன் ஆன் ஆகும். டச் வேலை செய்யும், ஸ்பீக்கர்ல பாட்டு வரும், கேமரா படம் எடுக்கும். ஆனா ஒரு ஆப் போடலாம்னு போனா "உங்க சாதனத்துக்கு இது பொருந்தாது"ன்னு வரும். வாட்ஸ்அப் திறக்காது. பேங்க் ஆப் திறக்கவே திறக்காது. கடைசி செக்யூரிட்டி அப்டேட் எப்ப வந்துச்சுன்னு பாத்தா ஆறு, ஏழு வருஷத்துக்கு முன்னாடி தேதி காட்டும்.

போன் கெட்டுப்போகல. ஆனாலும் செத்துப்போச்சு. யார் சாகடிச்சாங்க? அதைத் திரும்ப உயிரோட கொண்டுவர முடியுமா? ஓப்பன் சோர்ஸ்னு ஒண்ணு இதுல எங்க வருது, எது வரைக்கும் உதவும், எங்க உதவாது? இன்னைக்கு எபிசோட் இதுதான்.

காயில் கட்டுற ஊரு

முதல்ல போனை விட்டுட்டு மோட்டாருக்கு வருவோம். நம்ம ஊர்ல மோட்டாரைப் பத்திப் பேசாம எதையும் ஆரம்பிக்க முடியாதே! 1937-ல ஜி.டி. நாயுடுவோட பீளமேடு தொழிற்சாலையில இருந்துதான் இந்தியாவுல செஞ்ச முதல் மின்மோட்டார் வந்துச்சுன்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் பம்ப்செட், கிரைண்டர்னு இந்தப் பகுதி முழுக்க மோட்டார்தான்.

ஒரு தோட்டத்துல கிணத்து மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு வைங்க. அவிநாசியோ, பொள்ளாச்சியோ, கோபியோ, எந்த ஊர்லயும் காயில் கட்டுற கடை ஒண்ணு இருக்கும். கடைக்காரர் மோட்டாரைப் பிரிப்பார். எரிஞ்ச காயிலை எடுத்து எத்தனை சுத்து, என்ன கேஜ் கம்பின்னு பாத்துக் குறிச்சுக்குவார். புதுக் கம்பி வாங்கி அதே மாதிரி கட்டி, வார்னிஷ் போட்டு, காயவெச்சுக் கொடுத்துருவார். மோட்டாரைச் செஞ்ச கம்பெனி இருக்கா, மூடிட்டாங்களான்னு அவர் கேக்கறதே இல்லை. அது அவருக்குத் தேவையும் இல்லை.

சோமனூர், பல்லடம் பக்கம் போனீங்கன்னா தறிக்கும் இதே கதைதான். எத்தனையோ வருஷமா ஓடுற விசைத்தறி, ரெண்டு மூணு கை மாறி வந்த தறி, இன்னும் சத்தம் போட்டுக்கிட்டு ஓடுது. தேஞ்ச பாகத்தை உள்ளூர் லேத் பட்டறையிலேயே செஞ்சு மாட்டிக்கறாங்க. "இந்தத் தறி மாடலை நிறுத்திட்டாங்க, அதனால தூக்கிப் போட்டுருங்க"ன்னு அங்க போய்ச் சொன்னா நம்மளைப் பாத்துச் சிரிப்பாங்க.

இதுக்குக் காரணம் நம்ம ஆளுங்களோட கைத்திறமைன்னு சொல்லுவோம். உண்மைதான். ஆனா பாதிக் காரணம் அந்த மெஷின்கிட்டயே இருக்கு. மோட்டார் எதையும் ஒளிச்சு வைக்கறதில்லை. பிரிச்சா தெரியும், எண்ணினா கணக்கு கிடைக்கும், அதே மாதிரி திரும்பக் கட்டலாம். தடுக்கறதுக்கு உள்ள யாரும் உக்காந்திருக்கறதில்லை.

போனும் வெளிப்பக்கத்துல கிட்டத்தட்ட இப்படித்தான். காந்திபுரம், கிராஸ்கட் ரோடு பக்கம் போனா டிஸ்ப்ளே மாத்துவாங்க, பேட்டரி மாத்துவாங்க, சார்ஜிங் போர்ட் மாத்துவாங்க. கை நல்லா இருக்கற ஆளா இருந்தா மைக்ராஸ்கோப்ல வெச்சு போர்டுல ஒரு ஐசியையே எடுத்து மாத்திருவார். ஆனா அவரால செய்ய முடியாத ஒண்ணு இருக்கு. கம்பெனி நிறுத்தின சாஃப்ட்வேருக்கு அடுத்த அப்டேட்டை அவரால எழுத முடியாது. அதுக்குக் கோடு வேணும். கோடு கிடைச்சாலும் அதைப் போனுக்குள்ள ஏத்த அனுமதி வேணும். இந்த ரெண்டையும் தனித்தனியா ஞாபகம் வெச்சுக்கங்க, எபிசோட் முழுக்க வரும். முதல் விஷயம் கோடு. ரெண்டாவது சாவி.

2,000 ரூபாய்க்குள்ள ஒரு போன்

இப்ப ஒரு கதை. 2011 ஜூலையில மொசில்லா, அதாவது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் செய்யறவங்க, "பூட் டு கெக்கோ"ன்னு ஒரு திட்டத்தை அறிவிச்சாங்க. கெக்கோங்கறது ஃபயர்ஃபாக்ஸுக்குள்ள இருந்து வெப்பக்கத்தைக் காட்டுற எஞ்சின். போனை ஆன் பண்ணினா நேரா அந்த எஞ்சின்தான் ஓடும். டயலர், மெசேஜ், கேமரா எல்லாமே வெப்பக்கம் மாதிரி எழுதியிருக்கும். வெப்சைட் செய்யத் தெரிஞ்ச யாரும் அந்த போனுக்கு ஆப் எழுதலாம். இதுதான் பின்னாடி ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் ஆச்சு. 2013-ல முதல் போன்கள் கடைக்கு வந்துச்சு.

இந்தியாவுக்கு வந்தது 2014 ஆகஸ்ட்ல. இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ். விலை 1,999 ரூபாய். 3.5 இன்ச் ஸ்கிரீன், ராம் 128 எம்பி. ஜிபி இல்லீங்க, எம்பி! 2ஜி தான், கேமரா 2 மெகாபிக்சல். அந்தக் காலத்துக்கே ரொம்ப மெதுவான போன். ஆனா ஒரு விஷயம் கவனிங்க, அந்த விலையில வந்த அந்த போன்ல இங்கிலீஷோட ஹிந்தியும் தமிழும் இருந்துச்சு. மொசில்லாவோட மொழிபெயர்ப்பு வேலை பெரும்பாலும் தன்னார்வலர்கள் செய்யறது. சம்பளம் இல்லாம சாயங்காலம் உக்காந்து ஒவ்வொரு மெனுவுக்கும் தமிழ்ச் சொல் போட்டவங்க உழைப்பு அதுல இருக்கு.

ஓஎஸ் ஓடல. ஆண்ட்ராய்டு போன் விலையும் இறங்கிக்கிட்டே வந்துச்சு. வாட்ஸ்அப் மாதிரி ஆப் எல்லாம் இதுக்கு முறையா வரல. 2015 டிசம்பர்ல, கேரியர் மூலமா ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் போன் விக்கறதை நிறுத்தறோம்னு மொசில்லா அறிவிச்சாங்க. 2016-ல அந்த வேலையையே முடிச்சுக்கிட்டாங்க. இது முதல் சாவு.

வழக்கமா இங்கயே கதை முடிஞ்சிருக்கும். ஆனா மொசில்லா அந்தக் கோடைப் பூட்டிவைக்கல. எல்லாரும் பாக்கற மாதிரி, எடுத்துக்கற மாதிரி வெளியிலேயே இருந்துச்சு. காய்ஓஎஸ் டெக்னாலஜிஸ்னு ஒரு கம்பெனி அதை எடுத்தாங்க. டச் ஸ்கிரீனுக்கு எழுதின ஓஎஸ்ஸைப் பட்டன் போனுக்குத் தகுந்த மாதிரி மாத்தினாங்க. அதுக்குப் பேரு காய்ஓஎஸ்.

2017 ஜூலை 21-ம் தேதி ரிலையன்ஸ் ஒரு போனை அறிமுகப்படுத்தினாங்க. ஜியோபோன். 1,500 ரூபாய் டெபாசிட், மூணு வருஷம் கழிச்சுத் திருப்பி வாங்கிக்கலாம். 4ஜி, பட்டன், 2.4 இன்ச் ஸ்கிரீன், 512 எம்பி ராம். உள்ள ஓடுனது காய்ஓஎஸ். அதாவது, மொசில்லா கைவிட்ட ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸோட பேரப்பிள்ளை.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2018-ல டிவைஸ்அட்லஸ் போட்ட கணக்குப்படி இந்தியாவுல ஐபோன் ஓஎஸ்ஸையே முந்திக்கிட்டு ரெண்டாவது இடத்துக்கு வந்துச்சு காய்ஓஎஸ். 2018 செப்டம்பர்ல ஜியோபோனுக்கு வாட்ஸ்அப் வந்துச்சு. பத்து கோடிக்கும் மேல ஜியோபோன் வித்திருக்கோம்னு ரிலையன்ஸ் சொன்னாங்க. மோட்டார் போட்டுட்டு வரப்புல நின்னு பேசற தாத்தா, டீக்கடையில யூடியூப் பாக்கறவர், இவங்க கையில எல்லாம் இருந்தது ஒரு காலத்துல தோத்துப்போனதா எல்லாரும் எழுதின ஓஎஸ். கம்பெனி விட்டுட்டுப் போனாலும் கோடு வெளியில இருந்தா இன்னொருத்தர் எடுத்து நடத்தலாம். இது ஓப்பன் சோர்ஸோட வெற்றி, சந்தேகமே இல்லை.

ஆனா கதை இங்க நிக்கல.

ரெண்டாவது சாவு

2024 ஜூன்ல காய்ஓஎஸ்ல வாட்ஸ்அப்பைப் புதுசா டவுன்லோட் பண்றதை நிறுத்தினாங்க. ஏற்கனவே வெச்சிருக்கறவங்களுக்கு 2025 தொடக்கம் வரைக்கும்தான்னு சொன்னாங்க. போன்ல எந்தக் குறையும் இல்லை. பட்டன் நல்லா இருக்கு, பேட்டரி ரெண்டு நாள் நிக்குது. ஆனா பையன் அனுப்புற போட்டோ வராது, பள்ளிக்கூட குரூப் மெசேஜ் வராது, கம்பெனியில ஷிஃப்ட் மாத்தினா தெரியாது. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில வேலை பாக்கறவங்களுக்கு வாட்ஸ்அப் குரூப்ங்கறது நோட்டீஸ் போர்டு மாதிரி. அது இல்லைன்னா புது போன் வாங்கித்தான் ஆகோணும்.

சரி, காய்ஓஎஸ் ஓப்பன் சோர்ஸ்ல இருந்து வந்ததுதானே? மொசில்லா விட்டப்ப இன்னொருத்தர் எடுத்த மாதிரி இப்பவும் யாராவது எடுத்து ஜியோபோனைக் காப்பாத்தலாமே? முடியல. ஏன்?

முதல் காரணம், லைசென்ஸ். ஓப்பன் சோர்ஸ்னா எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ல அடியில இருக்கற லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் லைசென்ஸ். அதை மாத்தி வித்தா மாத்தின கோடையும் கொடுக்கணும். நடுவுல இருக்கற கெக்கோ எஞ்சின் மொசில்லா லைசென்ஸ். அதுல எந்த ஃபைலை மாத்தினீங்களோ அந்த ஃபைலைக் கொடுக்கணும். மேல நாம பாக்கற பகுதி, ஹோம் ஸ்கிரீன், டயலர் எல்லாம் சேர்த்து கையான்னு பேரு, அது அப்பாச்சி லைசென்ஸ். அப்பாச்சி லைசென்ஸ்ல எடுத்து மாத்தி, மாத்தினதைத் திறக்காம வெச்சுக்கலாம். சட்டப்படி அது தப்பே இல்லை. அதனால காய்ஓஎஸ்ஸோட அடிப்பகுதிக் கோடு வெளிய கிடைக்குது, மேல இருக்கறது முழுசா கிடைக்கறதில்லை.

ரெண்டாவது காரணம், இதுதான் பெருசு. பூட்டு. போன் ஆன் ஆகும்போது முதல்ல ஓடுற சின்ன நிரலுக்கு பூட்லோடர்னு பேரு. வீட்டு வாசல்ல நிக்கற வாட்ச்மேன் மாதிரி. வர்ற ஓஎஸ்ல கம்பெனி கையெழுத்து இருக்கான்னு பாத்துத்தான் உள்ள விடும். ஜியோபோன்ல வெளியாள் கோடுக்குக் கம்பெனி வழி விடல. காசு கொடுத்தது நீங்க, வாட்ச்மேனுக்குச் சாவி கொடுத்தது வேற ஒருத்தர்.

இதை ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு காய்ஓஎஸ் போன் இருக்கு. நோக்கியா 8110 4ஜி, அந்த மஞ்சக் கலர் வாழைப்பழ போன். அதுல உள்ள நுழைய வழி கண்டுபிடிச்சு, கெர்டாஓஎஸ்னு ஒரு மாற்று ஓஎஸ்ஸையே தன்னார்வலர்கள் செஞ்சாங்க. இன்னொரு பக்கம், ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸை ஆரம்பத்துல எழுதின எஞ்சினியர்கள்ல ஒருத்தரான ஃபாப்ரிஸ் டெஸ்ரே, அதே கோடோட வாரிசை வெச்சு காபிலூன்னு ஒரு ஓஎஸ் செஞ்சார். கோடு செத்துப்போகல பாருங்க. ஆனா அது போய் உக்கார்றதுக்கு நம்ம ஜியோபோன் கதவு திறக்கல.

இன்னொண்ணும் சொல்லணும். ஜியோபோன்ல இருக்கற காய்ஓஎஸ் 2.5-ல கெக்கோ எஞ்சினோட 48-வது பதிப்புதான் இருக்கு. அது 2016-ல வந்தது. 2020 மார்ச்ல மொசில்லாவும் காய்ஓஎஸ்ஸும் சேர்ந்து எஞ்சினைப் புதுப்பிக்கறோம்னு அறிவிச்சாங்க, புதுப்பிக்கவும் செஞ்சாங்க. ஆனா அது காய்ஓஎஸ் 3-ல புது போன்களுக்குப் போச்சு. ஏற்கனவே கையில இருந்த போன்களுக்கு வரல. கோடு முன்னேறுச்சு, போன் அங்கயே நின்னுச்சு.

பழைய லேப்டாப் ஏன் பொழைக்குது?

இதைப் புரிஞ்சுக்க ஒரு நல்ல உதாரணம் நம்ம ஊர்லயே இருக்கு. 2011-ல இருந்து தமிழ்நாடு அரசு பசங்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப். கேட்டுட்டிருக்கற பல பேர் ப்ளஸ் டூல வாங்கியிருப்பீங்க. இப்ப அது அலமாரியில தூங்கிட்டு இருக்கும். விண்டோஸ் போட்டா தவழுது. ஆனா அதுல லினக்ஸ் மிண்டோ, லுபுண்டுவோ மாதிரி ஒரு லேசான லினக்ஸ் போட்டுப் பாருங்க. முடிஞ்சா ராம் கொஞ்சம் கூட்டி ஹார்ட்டிஸ்குக்குப் பதிலா ஒரு எஸ்எஸ்டி மாட்டுங்க. டைப் அடிக்க, படிக்க, கோடு எழுதிப் பழக நல்லாவே ஓடும்.

பென் டிரைவ்ல ஒரே ஒரு லினக்ஸ் காப்பி. அதே காப்பி ஏசர்லயும் ஓடும், லெனோவாலயும் ஓடும். காரணம், பிசி உலகத்துல ஒரு பொது ஒழுங்கு இருக்கு. மெஷின் ஆன் ஆனதும் "எங்கிட்ட இந்த டிஸ்க் இருக்கு, இந்த கீபோர்டு இருக்கு"ன்னு பயாஸ் ஓஎஸ்ஸுக்குச் சொல்லிரும். வேற ஓஎஸ் போடறதையும் பொதுவா யாரும் தடுக்கறதில்லை.

போன் அப்படி இல்லை. உள்ள எது எங்க இருக்குன்னு போன் தானாச் சொல்லாது. ஒவ்வொரு மாடலுக்கும் தனியா ஒரு வரைபடம் எழுதிக் கொடுக்கணும். டிவைஸ் ட்ரீன்னு அதுக்குப் பேரு. அதோட கேமரா, மோடம், கிராபிக்ஸ் இதுக்கெல்லாம் வேண்டிய டிரைவரைச் சிப் கம்பெனி மூடின பொட்டலமா கொடுப்பாங்க. சிப் கம்பெனி அதைப் புதுப்பிக்கறதை நிறுத்தினா, போன் கம்பெனி நினைச்சாலும் புது ஆண்ட்ராய்டு கொடுக்கறது கஷ்டம். ஒரு போன் சீக்கிரம் சாகறதுக்குப் பின்னாடி இப்படி மூணு பேர் இருக்காங்க. சிப் செய்யறவங்க, போன் செய்யறவங்க, ஆப் செய்யறவங்க. வாங்கின நாம அந்த லிஸ்ட்லயே இல்லை.

சாவி கிடைச்சா என்ன ஆகும்?

இப்ப நல்ல பக்கத்தைப் பாப்போம். ஒன்பிளஸ் ஒன் ஞாபகம் இருக்கா? 2014 டிசம்பர்ல இந்தியாவுக்கு வந்துச்சு. அதுல இருந்தது சயனோஜென்ங்கற கம்பெனியோட ஓஎஸ். சயனோஜென்மாட்ங்கற தன்னார்வலர் திட்டத்துல இருந்து கிளைச்ச கம்பெனி அது. வேடிக்கை என்னன்னா, அதே கம்பெனி இந்தியாவுல தன்னோட உரிமையை மைக்ரோமேக்ஸுக்கு மட்டும்னு எழுதிக்கொடுத்திருந்தாங்க. விஷயம் டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போய், விற்பனைக்கு இடைக்காலத் தடை வந்து, சில நாள்லயே அது நீங்குச்சு. போன் வாங்கினவங்க, நமக்கு அப்டேட் வருமா வராதான்னு முழிச்சுக்கிட்டு நின்னாங்க.

2016 டிசம்பர்ல சயனோஜென் கம்பெனி சேவைகளையே மூடிட்டாங்க. சர்வர் போச்சு, பேரு போச்சு. ஆனா கோடு எல்லார்கிட்டயும் இருந்துச்சே! தன்னார்வலர்கள் அதே மாசத்துல அதை எடுத்து லினேஜ்ஓஎஸ்னு பேரு மாத்தித் தொடர்ந்தாங்க. ஒன்பிளஸ் ஒன்ல பூட்லோடரைத் திறக்கலாம். அதனால ஆண்ட்ராய்டு 4.4-ல வந்த அந்த போன், கம்பெனி 6-லயே விட்டதுக்கப்புறமும், லினேஜ்ஓஎஸ் புண்ணியத்துல ஆண்ட்ராய்டு 11 வரைக்கும் போச்சு.

நம்ம ஊர்ல இன்னும் அதிகமா ஓடுன போன்னா ரெட்மி நோட் 4. 2017-ல இந்தியாவுல பட்டையைக் கிளப்பின மாடல். கம்பெனி ஆண்ட்ராய்டு 7-ல நிறுத்திட்டாங்க. டெவலப்பர்கள் மத்தியில அதுக்கு "மிடோ"ன்னு குறிப்புப் பேரு. அந்த மிடோவுக்கு ஆண்ட்ராய்டு 10, 11, 12-னு தன்னார்வலர்கள் செஞ்சுக்கிட்டே போனாங்க.

இதைவிட ஒரு படி மேல போறது போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ். 2017-ல ஆரம்பிச்சது. ஒரு போன் பத்து வருஷமாவது ஓடணும்ங்கறது அவங்க லட்சியம். ஆண்ட்ராய்டே வேண்டாம், பிசில ஓடுற அதே மெயின் லினக்ஸ் கெர்னலைப் போன்ல ஓட்டுவோம்னு கிளம்பினாங்க. 2018-ல 20,999 ரூபாய்க்கு வந்த போக்கோ எஃப்1 அதுல நல்லா ஓடுற போன்கள்ல ஒண்ணு. கேமரா மாதிரி சில விஷயம் இன்னும் முழுசா கைகூடல. ஆனா வைஃபை இருக்கு, டச் இருக்கு, டெர்மினல் இருக்கு. ஒரு குட்டி சர்வராவே அதை ஓட்டலாம்.

இங்க ஒரு பொதுவான கணக்கு தெரியுது பாருங்க. ஜியோபோனோட ஓஎஸ்ஸும் ஓப்பன் சோர்ஸ் வம்சம். மிடோவோட ஓஎஸ்ஸும் ஓப்பன் சோர்ஸ் வம்சம். ஒண்ணு நின்னுபோச்சு, ஒண்ணு ஓடுது. வித்தியாசம் சாவி. பூட்லோடரை உரிமையாளர் திறக்கலாமா கூடாதாங்கறது.

ஆனா சொர்க்கம் இல்லைங்க

இதைக் கேட்டுட்டு ராத்திரியே போனை ஃப்ளாஷ் பண்ண உக்காந்துராதீங்க. நேர்மையா சில விஷயம் சொல்லிடறேன்.

ஒண்ணு, பூட்லோடரைத் திறந்தா போன்ல இருக்கற எல்லாமே அழிஞ்சிரும். அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான். போட்டோ, சாட், எல்லாத்தையும் முன்னாடியே வெளிய எடுத்து வெச்சுக்கோணும்.

ரெண்டு, பேங்க் ஆப், யுபிஐ ஆப். போன் கம்பெனி கொடுத்த நிலையிலேயே இருக்கான்னு கூகுள் மூலமா இந்த ஆப் எல்லாம் சோதிக்கும். மாத்தியிருந்தா ஓடாம போகலாம். இதுல ஒரு கொடுமை இருக்கு. ஆறு வருஷமா பாதுகாப்பு அப்டேட்டே வராத பழைய போனை நம்பற ஆப், போன மாசம் அப்டேட் வாங்கின லினேஜ்ஓஎஸ் போனைச் சில சமயம் நம்பறதில்லை. இன்னைக்கு டீக்கடையில இருந்து உழவர் சந்தை வரைக்கும் ஜிபே இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும். அதனால ஒரே ஒரு போன் வெச்சிருக்கறவங்க யோசிச்சுச் செய்யுங்க.

மூணு, கால். ஜியோவுல 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி மேல போற வோல்ட்டி வேலை செஞ்சாத்தான் பேச முடியும். மாற்று ஓஎஸ்ல சில மாடலுக்கு வோல்ட்டி தகராறு பண்ணும். உங்க மாடலுக்கு அது வேலை செய்யுதான்னு முன்னாடியே பாத்துக்கங்க.

நாலு, இதையெல்லாம் செய்யறவங்க தன்னார்வலர்கள். ஒரு மாடலைப் பாத்துக்கற ஆள் வேலை மாறிட்டாலோ, அந்த போனே உடைஞ்சுட்டாலோ, அந்த மாடல் லிஸ்ட்ல இருந்து போயிரும். ஓப்பன் சோர்ஸ்னா சாகா வரம் கிடையாது. அடுத்த ஆள் வந்து எடுத்துக்க வழி திறந்திருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அந்த அடுத்த ஆள் எங்கிருந்தோ வரணும். நம்ம ஊர் காலேஜ்கள்ல இருந்தும் வரலாம்.

நீங்க என்ன பண்ணலாம்?

முதல் வேலை, டிராயரைத் திறங்க. பேட்டரி உப்பியிருந்தா சார்ஜ் போடாதீங்க, குத்திப் பாக்காதீங்க, மின்கழிவு எடுக்கற இடத்துல கொடுத்துருங்க. நல்லா இருந்தா, செட்டிங்ஸ்ல போய் சரியான மாடல் நம்பரைக் குறிச்சுக்கங்க. ஒரே பேர்ல ரெண்டு மூணு மாடல் இருக்கும், அதனால நம்பர்தான் முக்கியம். லினேஜ்ஓஎஸ், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ரெண்டோட தளத்துலயும் போன் பட்டியல் இருக்கு. எது வேலை செய்யுது, எது செய்யலைன்னு எழுதியிருக்கும். உங்க மாடல் இருந்தா, முதல் முயற்சியை அந்த டிராயர் போன்லயே பண்ணுங்க. தினம் பேசற போன்ல வேண்டாம்.

உயிர் வந்த போனை என்ன பண்றது? பேங்க் ஆப் இல்லாமலே அதுக்கு நூறு வேலை இருக்கு. எஃப்-டிராய்டுன்னு முழுக்க ஓப்பன் சோர்ஸ் ஆப் மட்டும் இருக்கற ஒரு கடை இருக்கு. அதுல இருந்து மின்நூல் படிக்கற ஆப், பாட்டு ஆப், மேப் எல்லாம் எடுத்துக்கலாம். வீட்டுக் கேமராவா வெக்கலாம். தம்பி தங்கச்சி கோடு எழுதிப் பழகலாம்.

கோடு எழுதத் தெரியாதா? பரவாயில்லை. அன்னைக்கு அந்த 1,999 ரூபாய் போன்ல தமிழ் இருக்கறதுக்குக் காரணமா இருந்த வேலையை நீங்க இன்னைக்குச் செய்யலாம். லினேஜ்ஓஎஸ் மொழிபெயர்ப்பு கிரவுடின் தளத்துல நடக்குது. நிறைய ஓப்பன் சோர்ஸ் ஆப்களுக்கு வெப்லேட் தளத்துல நடக்குது. பஸ்ல போற நேரத்துல பத்து வரி தமிழ்ல போடலாம்.

அடுத்து, புது போன் வாங்கும்போது ரெண்டு கேள்வி சேர்த்துக்கங்க. ராம் எவ்வளவு, கேமரா எவ்வளவுன்னு கேக்கற அதே மூச்சுல, "எத்தனை வருஷம் அப்டேட் வரும்? பூட்லோடரைத் திறக்க விடுவாங்களா?"ன்னு கேளுங்க. கடைக்காரருக்குத் தெரியாம இருக்கலாம். நெட்ல பாத்தா தெரிஞ்சுரும். சில கம்பெனிகள் விடறாங்க, சில பேர் காத்திருக்கச் சொல்லி விடறாங்க, சில பேர் விடறதே இல்லை.

சட்டம் என்ன சொல்லுது? இந்தியாவுல 2022 ஜூலையில நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டாங்க. அதே வருஷம் டிசம்பர்ல அதுக்கு ஒரு தளமும் திறந்தாங்க. உதிரிபாகம், சர்வீஸ் தகவல் கொடுக்கறதுதான் அதோட மையம். ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20-ல இருந்து விக்கற போன்களுக்கு விதி கடுமை. ஒரு மாடல் விற்பனையை நிறுத்தினதுக்கு அப்புறமும் குறைஞ்சது அஞ்சு வருஷம் ஓஎஸ் அப்டேட், ஏழு வருஷம் உதிரிபாகம். நல்ல விஷயம். ஆனா அந்த விதியிலயும் பூட்லோடர் சாவியைக் கொடுத்தாகணும்னு கிடையாது.

கம்பெனி ஒரு போனுக்கு ஆயுசு முழுக்க அப்டேட் கொடுக்கணும்னு யாரும் கேக்கல. அது நடக்காது. கேக்கறது சின்ன விஷயம். நிறுத்தற அன்னைக்குச் சாவியைக் கொடுத்துட்டுப் போங்க. பூட்லோடரைத் திறக்க ஒரு வழி, டிரைவருக்கு வேண்டிய தகவல், இந்த ரெண்டும் போதும். மிச்சத்தை, மோட்டாருக்குக் காயில் கட்டுற மாதிரி, தெரிஞ்சவங்க பாத்துக்குவாங்க. அதுக்கு ஆள் இருக்காங்கன்னு லினேஜ்ஓஎஸ் ஏற்கனவே காட்டிருச்சு.

இன்னைக்கு இவ்வளவுதாங்க. உங்க டிராயர்ல என்ன மாடல் கிடைச்சுது, அது லிஸ்ட்ல இருக்கா இல்லையான்னு எழுதி அனுப்புங்க. ஃப்ளாஷ் பண்ணி ஓட்டிட்டிருக்கறவங்க இருந்தா, வோல்ட்டி வேலை செய்யுதான்னும் சேர்த்துச் சொல்லுங்க, மத்தவங்களுக்கு உதவும். அடுத்த எபிசோட்ல பாக்கலாம். வரட்டுங்களா?